பசித்த நாட்டிடம் நிபந்தனை: 1965–67 அமெரிக்கக் கோதுமைக் கொள்கை நியாயமானதா?

மயிலை வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் பணிகளை 2025 ஜூலை 1 அன்று நிறுத்தியதை ஒட்டி இங்கே எழுந்த விவாதம் பாதியில் நின்றுபோனது. கொடுப்பதும் நிறுத்துவதும் கொடுப்பவர் விருப்பம் என்று ஒரு சாராரும், வல்லரசின் உதவி எல்லாமே சூழ்ச்சிதான் என்று மறு சாராரும் பேசினார்களே தவிர, ஒரு குறிப்பிட்ட கொள்கையை முன்னால் வைத்து அது நியாயமா என்று யாரும் ஆராயவில்லை. அப்படி ஆராய்வதற்கு, நம் நாடே கையேந்தி நின்ற காலத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1954-இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின்படி, அந்நாட்டின் உபரித் தானியத்தை டாலர் கொடுக்காமல் ரூபாய் கொடுத்தே நாம் வாங்க முடிந்தது. 1956 முதல் ஆண்டுக்கணக்கில் நீளும் ஒப்பந்தங்களின்கீழ் கோதுமை வந்துகொண்டிருந்தது. 1965-இல் ஒப்பந்தக் காலம் முடிந்தபோது, குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்துக்கு மறுத்துவிட்டு, ஒரு மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ போதுமான அளவை மட்டும், ஒவ்வொரு முறையும் தாமே முடிவு செய்து, விடுவிக்கத் தொடங்கினார். அதே ஆண்டில் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பொய்த்தது. 1964–65-இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 1965–66-இல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966-இல் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஏறத்தாழ ஒரு கோடி டன். அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. அடுத்த கப்பல் புறப்படுமா என்பது வாஷிங்டனில் ஒரு மனிதரின் கையெழுத்தைப் பொறுத்திருந்தது என்றால் அது மிகையில்லை.

அந்தக் கையெழுத்தோடு இரண்டு நிபந்தனைகள் பிணைந்திருந்தன. இந்தியா தன் வேளாண்மையைச் சீர்திருத்தி, உரத்துக்கும் விதைக்கும் பாசனத்துக்கும் உரிய பணத்தை ஒதுக்க வேண்டும் என்பது ஒன்று. இது வெளிப்படையாகக் கூறப்பட்டது. வியட்நாம் போரைப் பற்றி இந்தியா அடக்கி வாசிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை, ஆனால் அனைவருக்கும் தெரிந்திருந்தது. முதல் நிபந்தனை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். இரண்டாவது நியாயமற்றது, முதலாவதன் மறைவில் அது ஒளிந்துகொண்டதால் கொள்கை முழுவதுமே கறைபட்டுவிட்டது. மறுப்பவர்கள் மறுக்கலாம், ஆனால் பொதுப்படையாகப் பேசாமல், இந்தக் கொள்கையைப் பற்றியே பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணாநகர் கணக்காயர்

மயிலை வாசகன் அவர்கள் பிரித்துக் காட்டிய விதம் நன்றாக இருக்கிறது. ஆயினும் அவர் வந்தடையும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. அமெரிக்காவின் பக்கத்திலிருந்து சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவதாக, அந்த உதவியின் அளவை நாம் இன்று உணர்வதில்லை. 1966-இல் அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர்களிடம் மலையாகக் குவிந்திருந்த கையிருப்பு அப்போது வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. உபரியைக் கொடுப்பது வேறு, கையிருப்பைக் கரைத்துக் கொடுப்பது வேறு. அப்படிக் கொடுக்கும்போது கனடாவும் ஆஸ்திரேலியாவும் ஐரோப்பிய நாடுகளும் தங்கள் பங்கைச் செலுத்தட்டும் என்று ஜான்சன் கேட்டது எந்த வகையில் தவறாகும்? ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்திருந்தால் வேறு எந்த நாடும் முன்வந்திருக்காது.

இரண்டாவதாக, பத்து ஆண்டுகள் மலிவான கோதுமை வந்துகொண்டே இருந்ததால்தான் நம் திட்டமிடுவோர் வேளாண்மையை இரண்டாம் இடத்தில் வைத்தார்கள். எஃகு ஆலைகளுக்கும் கனரகத் தொழில்களுக்கும் பணம் போனது. உழவருக்குக் கட்டுப்படியான விலை கிடைக்கவில்லை. நகரத்துப் பங்கீட்டுக் கடைகளில் அமெரிக்கக் கோதுமை இருக்கும்வரை உள்நாட்டு உழவரின் விலையைப் பற்றி எந்த அமைச்சரும் தூக்கமிழக்கத் தேவையில்லாமல் போனது. அந்த நிலையை மாற்றியது ஜான்சன் கொடுத்த அழுத்தமே. 1964–65-இல் 1.2 கோடி டன்னாக இருந்த நம் கோதுமை விளைச்சல் 1969–70-இல் 2 கோடி டன்னை எட்டியது.

மூன்றாவதாக, ஒப்பிட்டுப் பாருங்கள். 1943-இல் வங்கத்தில் பஞ்சம் வந்தபோது நம்மை ஆண்டுகொண்டிருந்த பிரிட்டன், கப்பல் இல்லை என்று காரணம் சொல்லித் தானியம் அனுப்பத் தயங்கியது. ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் மாண்டார்கள். 1966–67-இல் பீகாரில் மழை பொய்த்துப் பஞ்சம் அறிவிக்கப்பட்டபோது, நம்மோடு எந்த ஆட்சி உறவும் இல்லாத அமெரிக்காவின் தானியமும் நம் அரசின் நிவாரணப் பணிகளும் சேர்ந்து அப்படியொரு பேரழிவைத் தடுத்தன. ஒரு வல்லரசின் கொள்கையை எடைபோடும்போது, அதன் விளைவாக எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது நேர்மையாகாது.

தஞ்சைத்தரணி

கணக்காயர் ஐயாவின் இரண்டாவது வாதத்துக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது பரவலாக நம்பப்படுகிறது, அதன் காலவரிசை பொருந்தவில்லை.

ஜான்சன் கயிற்றை இறுக்கியது 1965-இன் நடுப்பகுதியில். நம் உணவுக் கொள்கையின் திருப்பமோ அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. லால் பகதூர் சாஸ்திரி 1964 ஜூனில் பிரதமரானதும் சி. சுப்பிரமணியம் அவர்களை உணவு, வேளாண்மைத் துறைக்குக் கொண்டுவந்தார். இரும்பு, எஃகுத் துறையைப் பார்த்தவரை, அப்போது யாரும் விரும்பாத ஒரு துறைக்கு மாற்றியதே அந்த அரசு எதற்கு முன்னுரிமை தரத் தொடங்கியது என்பதைக் காட்டுகிறது. உழவருக்கு உரிய விலையைப் பரிந்துரைக்க வேளாண் விலைக் குழு 1965 ஜனவரியில் அமைக்கப்பட்டது. அதே மாதம் 14-ஆம் தேதி, பொங்கல் நாளில், இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் முதலில் நம் சென்னையில்தான் இருந்தது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. இவை எதுவும் வாஷிங்டனின் மாதாந்திரக் கையெழுத்துக்குப் பயந்து செய்யப்பட்டவை அல்ல.

இன்னும் பின்னால் போகலாம். விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே மாவட்டத்தில் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் 1960-இல் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் ‘பேக்கேஜ் திட்டம்’ என்றே சொல்வார்கள். அதற்கு அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை உதவியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அங்கே யாரும் கப்பலை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசவில்லை. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடீ-27 நெல் வந்தது. குறுவையில் அதை நட்டவர்கள், பயிர் சாயாமல் நின்றதையும் கதிரின் கனத்தையும் இன்றும் சொல்வார்கள். அறுவடைக் காலத்து மழையில் அது களத்திலேயே முளைத்துவிடும் தொல்லையையும் சேர்த்தே சொல்வார்கள். வடக்கே எம். எஸ். சுவாமிநாதனும் அவருடைய குழுவினரும் நார்மன் போர்லாக்கின் மெக்சிகோ ரகக் குட்டைக் கோதுமையை வயல்களில் சோதித்துக் கொண்டிருந்தார்கள். சுப்பிரமணியம் அவர்கள் டெல்லியில் தம் அரசு இல்லத்துப் புல்தரையை உழுது அந்த ரகத்தை விதைத்துக் காட்டினார். 1966-இல் 18,000 டன் விதையை இறக்குமதி செய்யத் துணிந்த அரசு, பல ஆண்டு முயற்சியின் மேல் நின்றே அதைச் செய்தது.

அழுத்தம் எந்த உதவியும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அமைச்சரவைக்குள் நிதி அமைச்சகத்தை எதிர்த்துப் போராடிய ஒருவருக்கு அது ஒரு கூடுதல் வாதமாகப் பயன்பட்டிருக்கலாம். ஆனால் நம் ஆராய்ச்சியாளர்களும் உழவர்களும் செய்த வேலையின் பெருமையை ஜான்சனின் கணக்கில் வரவு வைப்பதை ஏற்க முடியாது.

இராயபுரம் மூத்தவன்

இளையவர்கள் எண்களைக் கொண்டு பேசுகிறீர்கள். அந்த நாட்களில் வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவன் என்ற முறையில் சிறிது சொல்கிறேன்.

காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் வழியாகப் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் தாவர எண்ணெயும் வந்தன. எங்கள் பள்ளியில் பெரிய அண்டாவில் வெந்நீரைக் கொதிக்கவிட்டுப் பால் பவுடரைக் கொட்டிக் கிளறுவார்கள்; எப்படிக் கிளறினாலும் கட்டி கட்டியாக மிதக்கும். ஆயா அசந்த நேரத்தில் பவுடரை அப்படியே அள்ளி வாயில் போட்டுக்கொள்வோம். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வகுப்பு தொடங்கும்வரை கரையாது. டின்னின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். அந்தக் கைகளில் ஒன்று நம்முடையது என்று எங்கள் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். நான் அதை நம்பினேன். இன்றும் அந்த உதவியை நன்றியோடுதான் நினைக்கிறேன்.

என் தந்தை துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கப்பலின் அடிவயிற்றில் கொட்டிக் கிடக்கும் கோதுமையைக் கோணியில் நிரப்பித் தைத்து இறக்கும் வேலை. அந்தத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் ஏறி இரவெல்லாம் இருமுவார். 1966-இல் அரிசி கிடைக்காமல் பங்கீட்டுக் கடையில் கோதுமை போட்டபோது, சோறு தின்று பழகிய எங்கள் தெருவில் பலருக்கு அதை என்ன செய்வது என்றே தெரியவில்லை. இடித்துக் கஞ்சியாகக் குடித்தோம். திங்கட்கிழமை இரவு ஒருவேளை உணவைத் துறக்குமாறு சாஸ்திரி கேட்டுக்கொண்டதை என் தாய் அவர் மறைந்த பிறகும் கடைப்பிடித்தார். இல்லாத வீட்டில் அது பெரிய தியாகமா என்று கேட்காதீர்கள். அவருக்கு அது மானப் பிரச்சினையாக இருந்தது.

நான் கேட்பது இதுதான். எங்கள் தெருவில் யாரும் வியட்நாமைப் பற்றி அறிக்கை விடவில்லை. டெல்லி பேசியதற்கு இராயபுரம் ஏன் பசியால் பதில் சொல்ல வேண்டும்? 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற வாக்குறுதி அவ்வளவு வேகமாகப் பற்றிக்கொண்டதற்கு அந்த இரண்டு ஆண்டுகளின் பசியே காரணம்.

அண்ணாநகர் கணக்காயர்

மூத்தவர் ஐயாவின் சொற்களுக்கு முன்னால் நான் புள்ளிவிவரம் பேசுவது பொருத்தமாக இருக்காது. எனினும் விவாதத்தின் மையத்தில் ஒரு கேள்வி நிற்கிறது. வியட்நாம் நிபந்தனை என்ற ஒன்று உண்மையிலேயே இருந்தது என்பதற்கு என்ன சான்று? எழுதப்படாத நிபந்தனை என்று மயிலை வாசகன் அவர்களே சொல்கிறார். எழுதப்படாததை எப்படி நிறுவுவது? இலையை எண்ணி எண்ணிப் போட்டார் என்பதற்காகவே பரிமாறியவரின் உள்நோக்கத்தைக் குறை சொல்ல முடியுமா?

மயிலை வாசகன்

நியாயமான கேள்வி. எழுதப்படாத நிபந்தனையை நடந்தவற்றின் வரிசையைக் கொண்டே அறிய முடியும் என்பதால் அந்த வரிசையை வைக்கிறேன்.

1965 நவம்பரில் ரோம் நகரில் சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண்மைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். உரம், விதை, பாசனம், வேளாண் கடன் ஆகியவற்றில் இந்தியா என்னென்ன செய்யும் என்று அதில் வரையறுக்கப்பட்டது. அடுத்த மாதமே அந்தத் திட்டத்தைச் சுப்பிரமணியம் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1966 மார்ச் இறுதியில் இந்திரா காந்தி வாஷிங்டன் சென்றார். ஜான்சன் அவரை அன்போடு வரவேற்று, கூடுதலாக 35 லட்சம் டன் தானியம் வழங்கத் தம் நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் ஆதரவைக் கேட்டார். 1966 ஜூன் 6 அன்று, உள்நாட்டில் கடும் எதிர்ப்பு எழும் என்று தெரிந்தே, நம் அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ரூபாய் ஆனது. ஆக, வேளாண்மையிலும் பொருளாதாரத்திலும் அமெரிக்காவும் உலக வங்கியும் கேட்டவற்றில் முக்கியமானவற்றை இந்தியா அந்த ஆண்டின் முதல் பாதிக்குள் செய்துவிட்டது.

ஜூலையில் இந்திரா காந்தி மாஸ்கோ சென்றார். அங்கே வெளியான கூட்டறிக்கை வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தக் கோரியது. அதன் வாசகங்கள் ஜான்சனைச் சினமடையச் செய்தன. அதன் பிறகுதான் கயிறு மிகவும் இறுகியது. பீகாரில் இரண்டாவது ஆண்டாக வயல்கள் காய்ந்து, பஞ்சம் வாசலில் நின்ற அந்த மாதங்களில், ஃப்ரீமனும் இந்தியாவிலிருந்த அமெரிக்கத் தூதர் செஸ்டர் பௌல்ஸும் தானியத்தை விடுவிக்குமாறு வற்புறுத்தியும் ஜான்சன் முடிவைத் தள்ளிக்கொண்டே போனார். காங்கிரஸ் உறுப்பினர்களை நேரில் பார்த்துவர அனுப்பி, டிசம்பர் இறுதியில்தான் 9 லட்சம் டன்னுக்கு ஒப்புதல் அளித்தார். வியட்நாம் பற்றி இந்தியா சொன்னதைத்தானே போப்பாண்டவரும் ஐ.நா. பொதுச் செயலர் ஊ தாண்டும் சொல்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லப்பட்டபோது, அவர்கள் இருவருக்கும் நம் கோதுமை தேவைப்படவில்லையே என்று வாஷிங்டனில் பதில் வந்ததாக ஒரு செய்தி உண்டு. அந்தச் செய்தியை ஒதுக்கிவிட்டாலும், வேளாண் நிபந்தனை நிறைவேறிய பிறகு இறுக்கம் ஏன் கூடியது என்ற கேள்விக்கு வேறு விடை எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1954 ஜெனீவா உடன்பாட்டின்படி வியட்நாமுக்கான பன்னாட்டுக் கண்காணிப்புக் குழுவின் தலைமை இந்தியாவிடம் இருந்தது. அந்தப் போரைப் பற்றிப் பேசுவது நமக்கு வெறும் கருத்துரிமையாக மட்டும் இருக்கவில்லை. ஏற்றுக்கொண்ட ஒரு பொறுப்பாகவும் இருந்தது. அந்தப் பொறுப்பில் இருப்பவரின் வாயைப் பசியைக் காட்டி அடைப்பதை எந்த நலன் கருதியும் நியாயப்படுத்த முடியாது.

தரமணி நூலகவாசி

சற்றே விலகிய செய்தி என்றாலும் இதே கொள்கையின் இன்னொரு முகம் என்பதால் சொல்கிறேன். கோதுமைக்காக நாம் செலுத்திய ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இந்தியாவிலேயே குவிந்தது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்திய மொழி நூல்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பியது. தமிழ் நூல்களும் அப்படியே போயின. இங்கே ஒரே பதிப்போடு மறைந்துபோன சில புத்தகங்களைச் சிகாகோவின் நூலகப் பட்டியலில் இன்று காண முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். மீதமிருந்த தொகையில் 1,664 கோடி ரூபாயை 1974-இல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் ஒரே காசோலையாக இந்திய அரசுக்கே திருப்பி எழுதிக் கொடுத்தார். ஒரே சட்டத்திலிருந்து கயிறும் வந்தது, புத்தக அலமாரியும் வந்தது. சட்டத்தைக் குறை சொல்வதா, அதைக் கையாண்டவரைக் குறை சொல்வதா என்பதை மயிலை வாசகன் அவர்கள் தெளிவாக்கினால் நல்லது.

நிலா

நான் பன்னாட்டு உறவுகள் படிக்கும் மாணவி. நூலகவாசி எழுப்பிய கேள்விக்கு என் விடை: கையாண்டவர் மட்டும் அல்ல, சட்டமும்தான்.

1974-இல் வங்கதேசத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். புதிதாகப் பிறந்த, போரால் சிதைந்த அந்த நாடு கியூபாவுக்குச் சணல் கோணிப்பைகளை விற்றது. கியூபாவோடு வணிகம் செய்யும் நாட்டுக்குச் சலுகைத் தானியம் கிடையாது என்ற விதி பி.எல். 480 சட்டத்திலேயே இருந்தது. அதைக் காட்டி அமெரிக்கா தானியத்தை நிறுத்தி வைத்தது. வங்கதேசம் ஏற்றுமதியைக் கைவிட்ட பிறகு தானியம் வந்தது. அதற்குள் வெள்ளமும் விலையேற்றமும் சேர்ந்து பஞ்சம் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோய்விட்டது. பஞ்சத்துக்கு உள்நாட்டுக் காரணங்களும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் கோணிப்பை விற்ற குற்றத்துக்குக் கோணிப்பை நிறையத் தானியத்தை மறுப்பது எந்த அறத்தின்கீழும் நிற்காது. அங்கே ஜான்சனைப் போன்ற ஒரு தனிமனிதரின் சினம்கூட இல்லை. விதி இருந்தது, அதிகாரிகள் அதை நடைமுறைப்படுத்தினார்கள்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் அமெரிக்காவிடமே இருக்கிறது. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுவெடிச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா தடைகளை விதித்தது. ஆனால் மனிதாபிமான உதவிக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருந்தது. நம் நாட்டில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் கண்டறியப்பட்டது இந்தச் சென்னையில்தான். 1995 முதல் அமெரிக்க உதவியோடு தன்னார்வ சுகாதார சேவை நிறுவனம் இங்கிருந்து எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்றை நடத்திவந்தது. டெல்லியின் அணுகுண்டுக்காகத் தமிழ்நாட்டின் நோயாளியைத் தண்டிக்கக் கூடாது என்ற எல்லையை ஒரு சட்டத்தால் வகுக்க முடிகிறது என்றால், 1966-இலும் வகுத்திருக்க முடியும். வல்லரசுகளின் இயல்பே அப்படித்தான் என்ற வாதத்தை அதனால்தான் நான் ஏற்பதில்லை.

வங்கக்கரை

எல்லாரும் அமெரிக்காவையே பேசுகிறீர்கள். நம் அண்டை நாடுகளின் கண்ணுக்கு நாமும் ஒரு வல்லரசுதான். யாழ்ப்பாணத்துக்கு உணவு ஏற்றிச் சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிய மறுநாள், 1987 ஜூன் 4 அன்று, இந்திய விமானங்கள் அந்நாட்டின் ஒப்புதல் இல்லாமலே வான்வழியாக உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அதற்கு ‘பூமாலை’ என்று பெயர் வைத்தோம். பசித்தவர்களுக்கு உணவு போனது என்பது உண்மை; கொழும்புக்கு ஒரு செய்தி போனது என்பதும் உண்மை. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தோம். உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டைக் கையில் வைத்திருக்கும் நாடு அப்படிச் செய்தால் ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளில் விலை ஏறும் என்று தெரிந்தே செய்தோம். ஜான்சனைக் கூண்டில் ஏற்றும் அளவுகோல் நமக்குப் பொருந்துமா?

மயிலை வாசகன்

பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் அது அளவுகோலே இல்லை.

2023 தடையை எடுத்துக்கொள்வோம். அது தன் மக்களின் உணவு விலைக்காக எடுக்கப்பட்ட முடிவு. எந்த நாட்டின் வெளியுறவு நிலைப்பாட்டையும் மாற்றுவதற்காக எடுக்கப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. உணவுத் தேவைக்காக ஓர் அரசு கேட்டுக்கொண்டால் அனுமதி வழங்கலாம் என்று அறிவிக்கையிலேயே விலக்கும் இருந்தது. அப்படியிருந்தும், ஒரே நாளில் கதவை மூடியதால் இறக்குமதியாளர்களும் அவர்களுக்குப் பின்னால் இருந்த ஏழை மக்களும் பட்ட துன்பத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும் என்றே எண்ணுகிறேன்.

1987 அவ்வளவு எளிதல்ல. அது இன்னொரு நாட்டின் வான்வெளியை மீறிய செயல். ஆனாலும் அங்கே உணவு கொடுக்கப்பட்டது, 1966-இல் உணவு நிறுத்தி வைக்கப்பட்டது. ஒப்புதலின்றிக் கொடுப்பதையும் ஒப்புதல் வாங்குவதற்காகப் பட்டினி போடுவதையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. 2022-இல் நம் மாநில அரசின் 40,000 டன் அரிசியில் முதல் பகுதி மே 18 அன்று நம் துறைமுகத்திலிருந்தே இலங்கைக்குப் புறப்பட்டபோது, தமிழர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனைகூட இல்லாமல் அந்நாட்டு மக்கள் அனைவருக்கும் என்றே அனுப்பப்பட்டது. எந்த அறிக்கையையும் எதிர்பார்த்து அந்தக் கப்பலை நாம் நிறுத்தி வைக்கவில்லை.

நூலகவாசிக்கும் சேர்த்தே என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். கொடுக்கும் நாடு நிபந்தனை விதிக்கலாம். அந்த நிபந்தனை கொடுக்கப்படும் பொருளோடு தொடர்புடையதாக, வெளிப்படையாக எழுதப்பட்டதாக, பெறும் நாட்டால் செய்து முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். செய்து முடித்த பிறகு கயிறு தளர வேண்டும். ரோம் உடன்பாடு இந்தச் சோதனையில் தேறும். 1966 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நடந்தது தேறாது. வங்கதேசத்துக் கோணிப்பை விதி எழுதப்பட்டதாக இருந்தும் தேறாது, ஏனென்றால் சணலுக்கும் சோற்றுக்கும் அங்கே எந்தத் தொடர்பும் இல்லை.

தஞ்சைத்தரணி

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கொள்கை அமெரிக்காவின் நலனுக்கே உதவவில்லை. நாட்டுக்குள் அமெரிக்காவின் யோசனைகளுக்குத் துணிந்து குரல் கொடுத்தவர் சுப்பிரமணியம். அவர் 1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். ரூபாய் மதிப்பைக் குறைத்ததற்கு ஈடாக எதிர்பார்த்த அளவு உதவி தொடர்ந்து வராததால், அந்த முடிவை ஆதரித்தவர்கள் எல்லாரும் தலைகுனிய நேர்ந்தது. அந்த அவமானத்தை மறக்காத இந்திரா காந்தி, சலுகைத் தானிய இறக்குமதியை 1971-உடன் முடித்துக்கொண்டார். அந்த டிசம்பரில் வங்கதேசப் போரின்போது அமெரிக்கா எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பியபோது டெல்லி அசையாமல் நின்றதற்கு, களஞ்சியத்தில் இருந்த கோதுமையும் ஒரு காரணம்.

அண்ணாநகர் கணக்காயர்

வியட்நாமுக்காகக் கப்பலைத் தாமதப்படுத்தியதை நான் காக்கப் போவதில்லை. மயிலை வாசகன் வைத்த மாத வரிசைக்கு என்னிடம் மாற்று விளக்கம் இல்லை. ஆனால் தஞ்சைத்தரணி அவர்கள் இப்போது சொன்னதே என் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. அந்த அவமானம் இல்லாமல் 1971-இன் களஞ்சியம் நிரம்பியிருக்குமா? 1965-இல் ஜான்சன் வழக்கம்போல நான்காண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், உரத்துக்கு அந்நியச் செலாவணி ஒதுக்க நிதி அமைச்சகம் இசைந்திருக்குமா? இசைந்திருக்காது என்பதே என் கணிப்பு. திட்டக் காலம் தோறும் வேளாண்மைக்கு முன்னுரிமை என்று எழுதிவிட்டுச் செய்யாமல் விட்ட ஒரு நாட்டை, உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டவுடன் நம்பிவிட வேண்டும் என்பதையும் ஏற்க மாட்டேன். கண்காணிப்பு தேவைப்பட்டது.

மயிலை வாசகன்

கண்காணிப்பு தேவை என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. எவ்வளவு உரம் இறக்குமதியானது, எத்தனை ஏக்கரில் புதிய விதை விதைக்கப்பட்டது, வேளாண்மைக்கு ஒதுக்கிய பணம் செலவானதா என்று மாதந்தோறும் கேட்டிருக்கலாம். ரோம் உடன்பாட்டில் அதற்கான இலக்குகள் இருந்தன. அவற்றில் நாம் தவறியிருந்தால், தொழில் திட்டங்களுக்கான கடனை நிறுத்தி டெல்லிக்கு வலியை உணர்த்தியிருக்கலாம். பீகாருக்குப் போக வேண்டிய தானியத்தில் கை வைக்கத் தேவையே இருக்கவில்லை.

இராயபுரம் மூத்தவன்

கணக்காயர் தம்பிக்கு ஒரு வார்த்தை. அவமானம் இல்லாமல் களஞ்சியம் நிரம்பியிருக்காது என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த அவமானத்தைத் தாங்கியவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. என் தாயும் பங்கீட்டுக் கடை வரிசையில் அவரோடு நின்ற பெண்களும் எந்த உடன்பாட்டிலும் ஒரு தரப்பு இல்லை; ஜான்சன் அவர்களுக்குப் பாடம் கற்பிக்க வேண்டிய தேவையும் இல்லை. நிதி அமைச்சகத்துக்குக் கற்பிக்க வேண்டிய பாடத்தை நிதி அமைச்சகத்துக்கே கற்பித்திருக்க வேண்டும் என்று மயிலை வாசகன் எழுதியதோடு நான் உடன்படுகிறேன்.